ஏழு மாடும் எட்டுக் குவியலும்

மாசி மாதத்தின் இறுதியில் வன்னிக்குப் பிரயாணம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் என் மனத்தில் வேரூன்றியதற்குக் காரணம், அதற்கு ஆறு மாதங்களுக்கு முன் நெடுந்தீவில் நான் கண்ட ஒரு காட்சியே ஆகும். குறிகட்டுவானில் படகேறி அத்தீவின் கரையை நான் மிதித்தபோது ஆவணி வெயில் நிலத்தைச் சுட்டுக்கொண்டிருந்தது. பசுக்கள் நிறைந்த தீவு என்னும் பொருள்படப் போர்த்துக்கேயர் பெயரிட்ட அந்நிலத்தில் ஒல்லாந்தர் குதிரை வளர்த்தார்கள். அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்னும் அதிகாரியின் பொறுப்பில் அவ்வளர்ப்பு தொடர்ந்தது. அதிகாரிகளும் லாயங்களும் மறைந்த பின்னரும் அக்குதிரைகளின் சந்ததி மறையவில்லை. 2015ஆம் ஆண்டில் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் கோடை வந்துவிட்டால் வற்றிவரும் நீர்நிலைகளைச் சுற்றி விலா எலும்பு தெரிய நிற்பதே அப்பிராணிகளின் விதியாக இருந்து வருகிறது.

அன்று ஊரவர் ஒருவர், தம் மாட்டுக்கென்று படகில் வருவித்த வைக்கோலில் ஒரு கட்டை, இரக்கம் மேலிட்டவராய்த் தூக்கி வந்து கல்மதில் ஓரத்தில் ஒரே இடத்தில் போட்டார். ஆண் குதிரை ஒன்று காதுகளைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு முன்னே வந்து நின்றது. கிட்ட வந்த பெட்டைக் குதிரைகளைக் கடித்தும் உதைத்தும் விரட்டியது. தான் தின்றது சிறிதும் காலால் மிதித்தது பெரிதுமாக அரை நாழிகை கழிந்தது. குட்டியோடு நின்ற மெலிந்த தாய்க்குதிரை கடைசி வரையில் ஒரு வாய் வைக்கோலும் பெறாமல் திரும்பிச் சென்றது. கொடுத்தவரிடத்தில் இரக்கம் இருந்தது, தீனியும் இருந்தது, ஆயினும் எந்த வாய்க்கு அது மிகவும் வேண்டியிருந்ததோ அந்த வாய்க்குப் போய்ச் சேரவில்லை. வெட்டவெளியில் பிராணிகளுக்குத் தீனி இடுவதற்கும் ஒரு நியமம் இருக்க வேண்டும் என்று அப்பொழுதே எனக்குத் தோன்றியது. அந்த நியமத்தை அன்றாடம் அனுசரித்து வாழ்பவர்களைக் காண வேண்டுமாயின், வயலும் குளமும் மாட்டுப்பட்டியும் ஒன்றையொன்று பிரியாத வன்னிப் பெருநிலத்துக்கே போக வேண்டும் என்று நிச்சயித்துக்கொண்டேன்.

வவுனியாவில் இரவு ரயிலை விட்டிறங்கி, விடியற்காலையில் கண்டி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்லும் பஸ்ஸில் ஏறினேன். ஓமந்தையும் புளியங்குளமும் கடந்து செல்லச் செல்ல, பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த காடு வீதியின் இருமருங்கும் நெருங்கி வருவதும், திடீரென்று விலகி வயல்வெளிக்கு வழி விடுவதுமாக இருந்தது. ஐப்பசி மழையை நம்பி விதைத்த காலபோக நெல் பெரும்பாலும் அறுவடையாகிவிட்டிருந்தது. முற்காலத்தில் அரிவாளால் அறுத்து, உப்பட்டியாகக் கிடத்தி, கட்டிச் சுமந்து, சூடு வைத்து, களத்தில் மாடுகளைக் கொண்டு மிதிப்பித்து நெல்லைப் பிரித்தெடுத்த நாட்களில், வைக்கோல் தானாகவே களத்தைச் சேர்ந்து போராக உயர்ந்தது. இன்றோ அறுவடை இயந்திரம் சில மணி நேரத்தில் நெல்லை மூட்டையாக்கிக் கொடுத்துவிட்டு, வைக்கோலை வயலிலேயே நீள வரிசைகளாக விட்டுச் சென்றுவிடுகிறது. அதை அள்ளி ஓரிடம் சேர்ப்பது தனி வேலையாகவும் தனிச் செலவாகவும் ஆகிவிட்டபடியால், பலர் அதற்கு நெருப்பு வைத்துவிடுகிறார்கள்.

வழியில் ஓரிடத்தில் அப்படி எழுந்த புகை வீதியை மறைத்தது. புகையைத் தாண்டிப் பஸ் வெளிப்பட்டவுடன் நான் கண்டது, வீதியோரத்துக் காய்ந்த புல்லை நக்கிக்கொண்டு நின்ற பத்துப் பன்னிரண்டு மாடுகளை. ஓர் ஏக்கரில் ஒன்றரைத் தொன் நெல் விளைந்தால், ஏறத்தாழ அதே நிறையுள்ள வைக்கோலும் விளைகிறது. நாளொன்றுக்கு ஐந்து கிலோ என்று கணக்கிட்டால், நாட்டு மாடு ஒன்றுக்கு அது முந்நூறு நாள் தீனி. அந்த முந்நூறு நாட்களும் கால் மணி நேரத்தில் புகையாகப் போவதையும், அதற்குரிய ஜீவன்கள் நூறு பாகத் தொலைவில் பசியோடு நிற்பதையும் ஒரே பார்வையில் காண நேர்ந்தது என் நெஞ்சை மிகவும் வருத்தியது. எரிப்பதனால் வைக்கோலில் உள்ள நைதரசன் பெரும்பாலும் புகையோடு போய்விடுகிறது என்றும், அதை மாட்டுக்கோ மண்ணுக்கோ கொடுப்பதே முறை என்றும் விவசாய இலாகாவினர் நெடுங்காலமாக எடுத்துச் சொல்லி வருகிறார்கள். ஆயினும் அள்ளுவதற்கு ஆள் இல்லாத கமக்காரனுக்கு நெருப்புக்குச்சி கைக்கு எட்டிய பொருளாக இருக்கிறது.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கோயிலடியில் விற்ற வறுத்த கச்சானை வாங்கிக்கொண்டு கிளிநொச்சியை அடைந்தபோது நண்பகலாகிவிட்டது. கால்நடை வைத்தியராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் அங்கே எனக்காகக் காத்திருந்தார். மாலையில் இருவரும் இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டில் நடந்தோம். கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்கப்பட்ட அந்தப் பெருங்குளத்தின் நீர், மேல்வானத்துச் செம்மையை வாங்கிக்கொண்டு அசைவின்றிக் கிடந்தது. நெடுந்தீவில் கண்டதை நான் சொன்னேன். அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டுப் பின் விளக்கினார்.

மாட்டுக்கு நான்கு அறைகள் கொண்ட வயிறு. அவசரமாக மேய்ந்து நிரப்பிக்கொண்டு, பிறகு நிழலில் படுத்து, மணிக்கணக்காக அசைபோட்டு, வைக்கோலைப் போன்ற வறண்ட பொருளிலிருந்தும் அது உயிரைக் கறந்தெடுத்துவிடும். குதிரைக்கு வாய்த்ததோ சிறிய ஒற்றை வயிறு. அசைபோடும் சக்தி அதற்கு இல்லை. நாரைப் பக்குவப்படுத்தும் பை குடலின் பின்பகுதியில் இருக்கிறது. ஆகையால் அது பகலும் இரவுமாகச் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டே இருக்கப் பிறந்த பிராணி. பட்டினி போட்டுவிட்டு ஒரே நேரத்தில் குவித்துக் கொடுத்தாலும், நெல்வைக்கோலையே தனித் தீனியாகக் கொடுத்தாலும், அதன் குடல் அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது என்பதால், உட்சென்ற தீங்கு வந்த வழியே திரும்புவதும் இல்லை. பூஞ்சணம் பிடித்த உலர்புல் மாட்டுக்கும் ஆகாது. குதிரைக்கோ சுவாசத்தையே கெடுத்துவிடும். மணல் நிலத்தில் தீனியைப் பரப்பினால் தீனியோடு மணலும் உள்ளே போய்த் தங்கிப் பெருநோய்க்கு இடமாகும். இவற்றை ஒவ்வொன்றாக அவர் விரல் மடக்கிச் சொன்னார்.

அதைக் கேட்டபோது, பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கும் செய்தி என் ஞாபகத்துக்கு வந்தது. மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கடல் வழியாகப் பெருந்திரவியம் கொடுத்து வாங்கினார்கள் என்றும், பராமரிக்கத் தெரியாமையால் அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் மாண்டன என்றும், சோற்றோடு இறைச்சியை வேகவைத்து அவற்றுக்கு ஊட்டினார்கள் என்றும் அவர் கூறுகிறார். குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகருக்காக இறைவனே குதிரை வணிகனாய் வந்த கதையைப் பக்தியோடு போற்றும் நம்மவர்கள், வந்த குதிரையின் வயிற்றை அறிந்துகொள்ளத் தவறினார்கள் போலும். அன்பு மட்டும் போதாது. அன்பு செய்யப்படும் ஜீவனின் இயல்பைக் கற்றுக்கொள்ளும் பொறுமையும் வேண்டும் என்பதற்கு அந்தக் குதிரைகளின் மரணத்தைவிட வேறு சாட்சி எதற்கு?

“குதிரைக்குச் சொன்ன நியமங்களில் பாதி மாட்டுக்கும் பொருந்தும். ஆனால் அவற்றை என்னிடம் கேட்பதைவிட, முத்தையன்கட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த கமக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் போய்ப் பாருங்கள்” என்று சொல்லி வழியும் குறித்துக் கொடுத்தார் நண்பர்.

மறுநாள் காலை மாங்குளத்துக்குத் திரும்பி, அங்கிருந்து கிழக்கே முல்லைத்தீவு வீதியில் பிரயாணம் செய்தேன். அவ்வீதியில் முதலில் என்னை நிறுத்தியது ஒட்டுசுட்டான். தான்தோன்றீஸ்வரர் எழுந்தருளியிருக்கும் அவ்வூரின் பெயருக்கு அங்குள்ளோர் சொல்லும் காரணம், என் பிரயாணத்தின் நோக்கத்தோடு வியக்கத்தக்க விதமாகப் பொருந்தியிருந்தது. முன்னொரு காலத்தில் கமக்காரன் ஒருவன் குரக்கன் கதிரைக் கொய்துகொண்டபின், எஞ்சிய ஒட்டுக்கு நெருப்பு வைத்தானாம். எல்லாம் வெந்து சாம்பலாக, ஓரிடம் மட்டும் வேகாமல் பசுமையாக நின்றதாம். அவ்விடத்திலே சிவலிங்கம் வெளிப்பட்டதாம். ஒட்டைச் சுட்டதனால் ஊர் ஒட்டுசுட்டான் ஆயிற்று. வேகாத இடத்து இறைவன் வேகாவனத்துப் பெருமான் ஆனான். முதல்நாள் கண்ட புகை என் கண்ணில் இன்னும் கரித்துக்கொண்டிருக்கையில், எரியாமல் எஞ்சியதையே தெய்வம் என்று கண்டுகொண்ட அந்தப் பழைய கதையை நினைந்து, வணங்கி எழுந்தேன்.

நண்பர் குறித்துக் கொடுத்த வீட்டை நான் அடைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அலம்பல் வேலியின் படலையைத் திறந்துகொண்டு எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் வெளியே வந்தார். “தம்பி எங்கையிருந்து வாறியள்? முதல்லை இருந்து தேத்தண்ணி குடியுங்கோ, பிறகு கதைப்பம்” என்றார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் வியப்பு ஏதும் தோன்றவில்லை. வைக்கோலைப் பற்றிக் கேட்பதற்காக ஒருவர் தொலைதூரத்திலிருந்து வருவது நியாயமான காரியம் என்றே அவர் கருதியதாகத் தெரிந்தது. எழுந்து என்னைக் கொல்லைக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே நின்ற வைக்கோற்போரைப் பார்த்துக்கொண்டே ஒரு பகலைக் கழித்துவிடலாம். தரையில் கற்களை அடுக்கி, அவற்றின்மேல் மரக்கொம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, கறையானும் ஈரமும் ஏறாதபடி செய்த மேடையில் அது எழுந்திருந்தது. அடி அகன்று, தோள் பருத்து, முடி கூம்பி, உச்சியில் பனையோலை வேய்ந்திருந்தது. வைக்கோலை வாரி வந்தவுடன் போர் போடுவதில்லை என்றும், இரண்டு மூன்று நாள் வெயிலில் புரட்டிப் புரட்டி உலர்த்தி, ஒரு பிடியை முறுக்கினால் நொறுங்கும் சத்தம் கேட்ட பின்பே ஏற்றுவது வழக்கம் என்றும் அவர் சொன்னார். ஈரத்தோடு ஏற்றிய போர் உள்ளே புழுங்கிச் சூடேறும்; பின் பூத்துப்போகும். பக்கவாட்டில் அவர் கையை நுழைத்து ஒரு பிடி உருவி என்னிடம் நீட்டினார். மேலே சாம்பல் நிறம் படிந்திருந்த போரின் உள்ளிருந்து வந்த அந்தப் பிடி, பொன்னிறமாகவும், புதிய பாயின் மணம் உடையதாகவும் இருந்தது. “மணம்தான் தம்பி சாட்சி. மூக்குக்குப் பிடிக்காததை மாட்டின்ரை வாய்க்குக் குடுக்கப்படாது” என்றார்.

வன்னியில் மாட்டுக்கும் வயலுக்கும் உள்ள உறவு ஆண்டு முழுவதும் ஒரே விதமாக இருப்பதில்லை. விதைப்புக்கு முன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், எந்தத் தேதியில் விதைப்பை முடிப்பது என்பதோடு, எந்தத் தேதிக்குள் கால்நடைகளை வயற்பிரதேசத்திலிருந்து அகற்றுவது என்பதையும் தீர்மானித்துக்கொள்கிறார்கள். அத்தேதிக்குப் பின் வயலில் நுழையும் மாடு கட்டாக்காலி எனப்படும். அதைப் பிடிக்கலாம், தண்டமும் விதிக்கலாம். இது புதியதொரு ஏற்பாடு அன்று. நெற்காணிகளின் நீர்ப்பாசனம் பற்றிய பழைய வழமைகளைப் புதுப்பித்து நிலைநிறுத்துவதற்கென்றே 1856இல் ஆங்கில அரசாங்கம் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றியது. காணிகளில் கால்நடைகள் அத்துமீறி நுழைவதைப் பற்றி 1876இல் வேறொரு கட்டளைச் சட்டம் பிறந்தது. ஆயினும் சட்டத்துக்கு முன்னரே வழக்கம் இருந்தது. பயிர் நிற்கும் மாதங்களில் பட்டிகள் காட்டோரங்களுக்கும் தரவைகளுக்கும் போய்விடும். அறுவடை முடிந்ததும் திரும்பி வந்து, அரிதாளை மேய்ந்து, தம் எருவால் வயலுக்குக் கடனைத் தீர்க்கும். இன்று தரவைகள் சுருங்கிவிட்டன. காட்டுக்குள் செல்லும் பழைய வழிகள் பல அடைபட்டுவிட்டன. மேய்ச்சல் தரை வேண்டும் என்ற கோரிக்கை இப்பிரதேசத்தின் நீங்காத முறையீடாக இருக்கிறது. புல் இல்லாத இடத்தில் வைக்கோலே புல் என்பதை இவ்வீட்டார் உணர்ந்திருப்பதுபோல் எல்லோரும் உணர்ந்தால், வீதியோரத்தில் மாடுகள் நிற்கமாட்டா.

இரவு சாப்பாட்டுக்குப் பின் முற்றத்தில் பாய் விரித்து அமர்ந்தோம். போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பேச்சை நான் எடுக்கவில்லை, அவரே எடுத்தார். ஊரை விட்டு நடக்கத் தொடங்கிய நாளில், தொழுவத்தில் நின்ற ஒவ்வொரு மாட்டின் கயிற்றையும் அறுத்துவிட்டு, படலையையும் திறந்து வைத்துவிட்டு அவர் வெளியேறினாராம். போரில் இருந்த வைக்கோலை நிலமெங்கும் உதறிப் பரப்பினாராம். “நாங்கள் இல்லாட்டியும் ரெண்டு நாள் திண்ணட்டும் எண்டு நினைச்சன்.” முகாம் வாசம் முடிந்து மீண்டு வந்தபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை. பல நாள் அலைந்து, குளத்தின் அலைகரையில் மேய்ந்த ஒரு பசுவின் தொடையில் தம் தகப்பனார் காலத்துக் குறியைக் கண்டாராம். தழும்பின் மேல் மயிர் வளர்ந்து எழுத்து மங்கியிருந்தது. கையால் தடவிப் பார்த்தே உறுதி செய்துகொண்டாராம். இப்போது தொழுவத்தில் நிற்கும் ஏழு மாடுகளும் அந்தப் பசுவும் அதன் வழிவந்தவையுமே. அவர் அதைச் சொல்லி முடித்தபின் நெடுநேரம் எங்களுக்குள் பேச்சு நிகழவில்லை.

பொழுது புலருமுன்பே அவர் என்னை எழுப்பினார். அறுவடையான வயலுக்கு மாடுகளை ஓட்டுவதற்கு முன், வைக்கோலைக் கொண்டுபோய் இட்டு வைப்பது அவர் வழக்கம். மாட்டைக் கண்ட பின் தீனியைச் சுமந்து சென்றால், அவை மொய்த்துக்கொண்டு மனிதனையும் தள்ளும், ஒன்றையொன்றும் முட்டும். ஆகையால் முதலில் தீனி, பின்புதான் மாடு. நேற்று இட்ட இடத்தில் இன்று இடமாட்டார். மிதிபட்டுச் சாணமும் சகதியும் ஆன நிலத்தில் மறுபடியும் வைக்கோலைப் போட்டால் பாதி வீணாகும் என்பதோடு, எரு ஓரிடத்திலேயே குவிந்துவிடும். நாளுக்கொரு பாத்தியாக நகர்ந்து சென்றால், வயல் முழுவதும் கூலியில்லாமல் எருப்பெறும். வேலி மூலையிலும் கடப்பின் வாயிலும் இடமாட்டார். வலிய மாடு நெருக்கும்போது எளிய மாடு ஒதுங்கிப்போக வழி இருக்க வேண்டும். சோளகக் காற்று வீசும் ஆனி ஆடியில் வரம்பின் மறைவில் இடுவாராம். இயந்திரத்தால் கட்டிய வைக்கோலை விலைக்கு வாங்கிய நாட்களில், அதைச் சுற்றியுள்ள நைலோன் கயிற்றை அறுத்து, எண்ணி, மடியில் செருகிக்கொண்ட பின்பே கட்டை உதறுவார். விழுங்கிய கயிறு மாட்டின் வயிற்றில் கரைவதில்லை. எல்லாவற்றுக்கும் முன்பாக, தீனி இடப்போகும் நிலத்தை ஒருமுறை நடந்து பார்ப்பார். அன்றும் குனிந்து துருப்பிடித்த ஒரு கம்பித்துண்டை எடுத்து, வரம்போரத்தில் வைத்திருந்த பழைய வாளியில் போட்டார். வாளி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

அதன் பின் அவர் வைக்கோலை வைக்கத் தொடங்கினார். ஒரு மாடு தலையை நீட்டினாலும் அடுத்த மாட்டின் கொம்பு எட்டாத தூரத்தில், வட்டமாக, ஒவ்வொரு குவியலாக இட்டுக்கொண்டு வந்தார். எண்ணிக்கொண்டே பின்சென்ற நான், அவர் நிறுத்தியபோது எட்டு என்று கண்டேன்.

“ஐயா, மாடு ஏழுதானே?” என்று கேட்டேன்.

“மாட்டுக்கு வைக்கல் போடுறது ஒரு வேலையே, தம்பி? போட்டதை எல்லா மாடும் தின்னப் பண்ணுறதெல்லோ வேலை” என்றார் பெரியவர். “முந்தி நானும் ஏழுதான் போட்டனான். கொம்பு கூடினது தன்ரையை விட்டிட்டுப் பக்கத்துக் குவியலுக்குப் போகும். அங்கை நிண்டது அடுத்ததுக்குப் போகும். கடைசியிலை ஏலாத மாடு வெறும் நிலத்திலை நிக்கும். எட்டாவது குவியல் அந்த ஏலாததுக்கு.”

மாடுகள் வந்தன. அவர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. கரிய நாம்பன் ஒன்று தன் குவியலில் இரண்டு வாய் தின்றுவிட்டு, அடுத்ததே சுவையானது என்று எண்ணியதுபோல் ஒரு செவலைப் பசுவைத் தள்ளியது. செவலை அடுத்ததைத் தள்ளியது. வட்டம் முழுவதும் ஒருமுறை சுழன்றது. எல்லாவற்றுக்கும் பின்னால், முன்னங்கால் ஒன்றைத் தாங்கித் தாங்கி வந்த கிழட்டுப் பசு, தன் இடத்தை இழந்து ஒரு கணம் திகைத்து நின்றது. அதன் தொடையிலே, மயிர் மூடிய பழைய குறித் தழும்பு காலை வெயிலில் மங்கலாகத் தெரிந்தது. நெடுந்தீவில் திரும்பிச் சென்ற தாய்க்குதிரையை நினைத்துக்கொண்டு நான் பார்த்திருந்தேன். பசு தலையைத் திருப்பியது. யாரும் வராத எட்டாவது குவியலைக் கண்டது. மெல்ல நடந்து சென்று அதில் வாய் வைத்தது.

பெரியவர் அதுவரையில் உட்காராமல் நின்றிருந்தார். அது தின்னத் தொடங்கியதைக் கண்ட பின்பே வரம்பில் அமர்ந்து வெற்றிலைப் பையை அவிழ்த்தார்.